ரெண்டு விரல் மட்டும்

மீன்காட்சியகத்தின் தொட்டுப்பார்க்கும் தொட்டியில், பதினொரு திருக்கை மீன்களும் ஒரே மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒண்டிக் கிடந்தன. மதியம்வரை பிள்ளைகளின் விரல்களைத் தேடி ஓரத்துக்கே நீந்தி வந்தவை.

இன்று பள்ளிக்கூடக் கூட்டம் அதிகம், களைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் தொட்டியருகே நின்ற வழிகாட்டிப் பெண். ஆறு வருடமாக அவள் சொல்வதெல்லாம் இவ்வளவுதான்: "வரிசையில வாங்க. ரெண்டு விரல் மட்டும். முதுகுல மட்டும். மெதுவா. தொட்டாச்சா? அடுத்தவங்களுக்கு விடு கண்ணு." அன்பாகச் சொன்னால் எந்த உயிரும் கேட்கும் என்று நம்புகிறவள். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை.

"என்ன மேடம், புது அசிஸ்டென்டா?" தொட்டியோரம் ஸ்டூலில் மண்டியிட்டிருந்த அவள் மகளைப் பார்த்துக் காவலாளி சிரித்தார்.

"வீட்ல பாத்துக்க ஆளில்லண்ணே. நாலு வயசுலயே வேலைக்குச் சேந்துட்டா."

"பாத்து, உங்க வேலைக்கே உலை வச்சிடப் போறா."

அவர் வாசலைப் பூட்டப் போனதும் கூடத்தில் மோட்டாரின் முனகலும், உப்பும் ஈர ரப்பரும் கலந்த வாடையும், கூரையில் நெளிந்துகொண்டே இருக்கும் நீல வெளிச்சமும் மட்டும் மிஞ்சின. அவள் கையுறைகளை உதறிக் காயப்போட்டாள்.

"அம்மா, என்னைத் தொடுது."

"திருக்கைதான் கண்ணு."

"இல்ல. ரெண்டு விரல். மெதுவா."

திரும்பினாள். திருக்கைகள் அதே மூலையில்தான். மகளின் கை முழங்கைவரை தண்ணீரில். முழங்கால் ஆழம்கூட இல்லாத தெளிந்த தண்ணீர், அடியில் மணல். வேறொன்றும் இல்லை.

குழந்தையின் புறங்கையில் இரண்டு சின்னக் குழிகள். அழுந்தின. விட்டன. மறுபடி அழுந்தின.

"முழுக் கையையும் பிடிச்சுக்கவான்னு கேக்குதும்மா."

"பாப்பா, கையை எடு."

"சரின்னு சொல்லிட்டேனே. பாவம், அதுக்குக் குளிருதாம்."

ஐந்து குழிகள்.

இடுப்பைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கை தோள்வரை உள்ளே போனது. குழந்தையின் கன்னம் தண்ணீரைத் தொட்டது.

கடவுளே.

கத்த வாயைத் திறந்தாள். ஆறு வருடப் பழக்கம்தான் வந்தது.

"மெதுவா..." குரல் உயரவில்லை. "நல்ல பிள்ளையில்ல? பாப்பாவுக்கு வலிக்கும். தொட்டது போதும். அடுத்தவங்களுக்கு விடு கண்ணு."

பிடி விட்டது.

சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டது. மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள். அப்புறம்தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

தொட்டியின் விளிம்பில் ஒரு சின்ன ஈரக் கைத்தடம் பதிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. தள்ளுமுள்ளு இல்லை. சத்தம் இல்லை.

"எல்லாரும் வரிசையில வராங்கம்மா," என்றாள் மகள்.

விளிம்பைச் சுற்றி வந்த தடங்கள் தரையில் இறங்கி, அவளைத் தாண்டிப் போயிருந்தன. வரிசையின் முதல் ஆள் எங்கே?

அவள் முதுகில். மெதுவாக. இரண்டு விரல்.