விட்டுப்போன கால் சுற்று

செம்பாறைக் குடியிருப்பில் லாரி கிளம்பும்போது முதல் மூச்சு எஞ்சினுக்கு, அடுத்ததுதான் டிரைவருக்கு. ஆக்சிஜன் குழாயை எஞ்சினின் தொட்டியில் மாட்டி நிரப்பிய பிறகே டிரைவர் தன் முதுகுப் பையை நிரப்பிக்கொள்வார். வரிசையை மாற்றினால் பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். எஞ்சின் நின்றபின் நிரம்பிய பையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

செவ்வாயில் டீசலா என்று கேட்கத் தோன்றும். அங்கே காற்றில் பெரும்பகுதி கரியமில வாயு, நிலத்தடியில் பனிக்கட்டி. இரண்டையும் மின்சாரத்தால் உடைத்துச் சேர்த்தால் டீசல் கிடைக்கும். அதை எரிக்க ஆக்சிஜனும் கூடவே கிடைக்கும். பேட்டரி லாரிகளையும் ஓட்டிப் பார்த்தார்கள். மைனஸ் தொண்ணூறு டிகிரியில் அவை விறைத்துப் படுத்துவிட்டன. டீசல் எஞ்சின் சுமையையும் இழுத்தது, வீணாகிற வெப்பத்தில் டிரைவரின் அறையையும் சூடாக்கியது. ஆகவே எஞ்சின் நின்றால் இரண்டு மணி நேரத்தில் உள்ளே இருப்பவரும் அடங்கிவிடுவார்.

அந்த மாதம் இரண்டு பேர் அப்படி அடங்கினார்கள். இருவரின் எஞ்சினும் பட்டறையில் பிரித்துப் புதிதாகக் கட்டப்பட்டவை. ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாதவை. இரண்டிலும் நான்காவது சிலிண்டரின் பிஸ்டன் தண்டு உடைந்து எஞ்சினைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. மூன்றாவதாக முனகத் தொடங்கியது ராக்கியண்ணனின் வண்டி. அவன் எஞ்சின் பரிசோதகர் செங்கோடனின் தங்கை பாவாயிக்குக் கணவன்.

அன்று காலை செங்கோடன் ஸ்பானரைத் தொடையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். அது அவருடைய பழக்கம். எஞ்சின் குளிர்ந்திருந்தவரை ஆயில் அழுத்தம் சரியாக இருந்தது. சூடேறியதும் முள் இறங்கியது. அடியிலிருந்து கனத்த தட்டல் கேட்டது. வால்வு தட்டினால் சத்தம் மேலே சன்னமாக வரும். இது மரக்கதவை முஷ்டியால் குத்துவது போல இருந்தது. எந்தச் சிலிண்டர் என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். எரிப்பு இல்லாவிட்டால் பிஸ்டன்மேல் அடி விழாது; கோளாறு அங்கே இருந்தால் தட்டல் அடங்கும். ஒன்று, இரண்டு, மூன்று வரை தட்டல் மாறவில்லை. நான்கை நிறுத்தியதும் அடங்கியது.

எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சேம்பரைக் கழற்றினார். அடியில் பேரிங்கின் பொடி ஜிகினாபோல் மின்னியது. பிஸ்டனின் தண்டை, சுழலும் கிராங்கோடு சேர்த்துப் பிடிக்கும் மூடிக்கு இரண்டு போல்ட்டுகள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு இறுக்கிவிட்டு, கடைசியாகக் கால் சுற்று தரவேண்டும். அந்தக் கால் சுற்றில்தான் போல்ட் மயிரிழை நீண்டு, இழுத்த ரப்பர்போல் விடாமல் பிடிக்கும். நான்காவதின் இரண்டாம் போல்ட்டுக்கு அது கிடைக்கவே இல்லை.

“மாப்ள, எவனோ கனாக் கண்டுக்கிட்டே கட்டியிருக்கான்.”

“மெஷின் கட்டுனதுங் மச்சான். அதுக்கு ஏதுங் கனா?” என்றான் ராக்கியண்ணன்.

செங்கோடன் கிராங்கை மெருகேற்றி, புதுப் பேரிங்கும் போல்ட்டுகளும் போட்டுத் தானே இறுக்கினார். பாதி வேலையில் மணிக்கட்டுத் திரை மின்னியது. ‘ஆச்சாண்ணா? அவரு போலாமா? மனசு கெடந்து அடிச்சுக்குது’ என்று பாவாயி எழுதியிருந்தாள். ‘ஆச்சு. பயப்படாத’ என்று பதில் அனுப்பிவிட்டு, மிச்சத்தை முடித்துச் சேம்பரை மூடினார். தட்டல் இல்லை. பனிச் சுரங்கத்துக்கான மருந்துகளோடு ராக்கியண்ணன் கிளம்பினான்.

செங்கோடன் நேரே பட்டறைக்குப் போனார். அங்கே மனிதர்கள் வேலை செய்வதில்லை. ஆறு மாதமாகக் கைநகலி என்னும் இயந்திரங்கள்தான். தேர்ந்த மெக்கானிக் ஒருவரின் கைகளில் உணரிக் கையுறையும் தலையில் உணரிப் பட்டையும் மாட்டி, அசைவு ஒன்றுவிடாமல் பதிந்து, அதை இயந்திரத்துக்குப் புகட்டியிருந்தார்கள். பதிவு யாருடையது என்பது ஒப்பந்தப்படி ரகசியம். பட்டறை நிர்வாகி யாழ்மொழி தர அறிக்கைகளைக் காட்டினாள். செத்த இரண்டு எஞ்சின்களுக்கும் ஒரே மதிப்பெண்: மூலப்பதிவோடு ஒப்பீடு, நூற்றுக்கு நூறு.

“கட்டறத நான் பாக்கோணும்” என்றார்.

கைநகலி எஞ்சின் முன் வந்து நின்றது. ரெஞ்சைத் தன் இரும்புத் தொடையில் இரண்டு தட்டு தட்டியது.

செங்கோடன் குனிந்து தன் தொடையைப் பார்த்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று பிசகில்லாமல் இறுக்கிக்கொண்டு போனது. நான்காவதின் இரண்டாம் போல்ட்டில் முதல் இறுக்கம் தந்ததும் நிறுத்தியது. இடது மணிக்கட்டை முகத்துக்கு நேரே தூக்கியது. கழுத்து வளைந்தது. வலது கட்டைவிரல் வெறும் காற்றில் மேல்நோக்கி நகர்ந்தது, மறுபடியும் நகர்ந்தது. நான்கு நிமிடம். பிறகு கையை இறக்கி, ஐந்தாவதுக்குப் போய்விட்டது.

“அது வெப்பச் சமநிலை நேரம்ங்கண்ணா” என்று யாழ்மொழி பணிவோடு விளக்கினாள். “கையேட்டுல அப்படித்தான் போட்டிருக்கு. பெரிய மெக்கானிக்கோட தொழில் ரகசியம்னு சொல்லுவாங்க.”

பதினோரு வருடத்துக்கு முன், சங்ககிரியில், ஒரு நிறுவனம் அவரை ஐந்து நாள் கையுறையும் தலைப்பட்டையும் மாட்டிக்கொண்டு வேலை பார்க்கச் சொன்னது. செவ்வாய்க்கு டிக்கெட் அதில்தான் கிடைத்தது. எதற்கென்று செங்கோடன் கேட்கவில்லை. அன்று அந்த நான்கு நிமிடம் திரையில் என்ன பார்த்தோம் என்பதும் நினைவில்லை.

உடனே இன்னொன்று உறைத்தது. இன்று காலை, பாவாயிக்குப் பதில் எழுதியபோது, எந்தப் போல்ட்டில் இருந்தோம்? அவள் எழுதியது எழுத்து மாறாமல் நினைவிருந்தது. போல்ட் நினைவில்லை.

ராக்கியண்ணனைக் கூப்பிட்டார்.

“வெண்ணெயாட்டம் ஓடுதுங் மச்சான். மூணு மணி நேரம் தாண்டி வந்துட்டேன்.”

நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தார். நிறுத்தினால் குளிர், ஓட்டினால் தண்டு. “சுமைய எறக்கிப் போட்டுட்டு மெதுவா உருட்டு மாப்ள. மேடு ஏறாத. நான் வர்றேன்” என்றார். “சரிங்” என்றான் ராக்கியண்ணன்.

போக ஒரு வண்டி வேண்டும். கொட்டகையில் நின்ற பதினாறும் கைநகலி கட்டியவை. கண்ணில் பட்ட முதல் லாரியின் கீழே புகுந்து செங்கோடன் சேம்பரைக் கழற்றினார். எல்லாப் போல்ட்டையும் தளர்த்திவிட்டு முதலிலிருந்து இறுக்குவது என்று முடிவு செய்தார். மணிக்கட்டுத் திரையை அவிழ்த்து யாழ்மொழியிடம் கொடுத்தார்.

“இது இருந்தா என்ற கை சும்மா இருக்காது. அவன் கூப்புட்டா மட்டும் சொல்லுங்க. நாலாவதுக்கு வர்றப்ப என்ற கையவே பாத்துட்டு இருங்க. கால் சுத்து குடுத்தனான்னு நீங்கதான் சொல்லோணும்.”

“நான் பாத்துக்கறேன்ங்கண்ணா.”

ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது. முதல் போல்ட், கால் சுற்று. இரண்டாம் போல்ட். ரெஞ்சைத் திருப்பினார். ராக்கியண்ணனின் வண்டியையே நினைத்துக்கொண்டிருந்ததில், திருப்பியது முதல் இறுக்கமா கடைசிக் கால் சுற்றா என்பது அவருக்கே குழம்பியது.

“குடுத்தனா?” என்று கேட்டார்.

எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே எட்டிப் பார்த்தார். யாழ்மொழி அங்கேயேதான் நின்றிருந்தாள். அவள் கழுத்து வளைந்திருந்தது. அவர் கொடுத்த திரையில் கட்டைவிரல் மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.