பச்சைக் காப்புக்காரி

வைரமணி பல் துலக்கி முடிப்பதற்குள் மணிக்கட்டிலிருந்த நலக்காப்பு பச்சையாக மின்னியது. ஊருக்கே இப்படித்தான் விடிகிறது. மரபணுவையும் குடும்ப வரலாற்றையும் பார்த்து எந்திரம் நிறம் போடும். சிவப்புக்காரருக்கு ஸ்கேன், மருந்து எல்லாம் வீடு தேடி வரும். பச்சைக்காரரை மருத்துவர் தொடவே கூடாது. வீண் வேலையாம்!

இடது மார்பில் மூன்று மாதமாகக் கட்டி. அம்மாவும் பெரியம்மாவும் அதே கட்டியில்தான் போய்ச் சேர்ந்தார்கள். அப்புறம் இது என்ன பச்சை, எந்த ஊர்ப் பச்சை?

ஆறாவது முறையாகத் திண்டுக்கல் நலமையத்தில் போய் நின்றாள். கணவன் தில்லைநாதனும் கூட வந்தான். கவுன்ட்டர் பெண் ரெபேக்கா, புண்ணியவதி, இந்த முறை அவள் கோப்பு முழுவதையும் திறந்து பார்த்தாள்.

"அக்கா, கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியல் மாத்துனீங்களா?"

"ஆமா. காத்தமுத்து மக கா. வைரமணி. இவரைக் கட்டினதும் தி. வைரமணி. எல்லாரும் செய்யறதுதானே?"

"அங்கதான் கோளாறு. இனிஷியலை வச்சுத்தான் எந்திரம் குடும்பத்தைச் சேக்குது. உங்களை இந்த அண்ணன் வீட்லயே பொறந்த பொண்ணுன்னு எடுத்துக்கிச்சு. உங்க மரபணு அவங்களோட ஒத்துப்போகல. தப்பான சாம்பிள்னு தள்ளிட்டு, அவங்க குடும்பச் சராசரியைப் போட்டிருக்கு."

தில்லைநாதன் வீட்டில் தொண்ணூறு தாண்டாமல் யாரும் செத்ததில்லை. வைரமணி கவுன்ட்டரில் ஓங்கித் தட்டினாள். "அடப்பாவிகளா! இத்தனை வருசமா நான் எங்க மாமனார் உடம்போடயா திரியறேன்?"

"பழைய இனிஷியலுக்கு மாத்திரலாம்க்கா. ஆனா ரெண்டே காரணம்தான் ஒத்துக்கும். விவாகரத்துன்னா ஆறு மாசம். கணவர் மரணம்னா உடனே."

"மனுசன் எதிர்ல குத்துக்கல்லாட்டம் நிக்கறாரேம்மா!"

"எந்திரத்துக்குக் கண்ணு இல்லையேக்கா."

வைரமணி தலையில் அடித்துக்கொண்டாள். தில்லைநாதனே கையை நீட்டித் திரையில் 'மரணம்' என்பதைத் தொட்டான். "செத்துட்டேன்னே போடும்மா. ஆறு மாசமெல்லாம் இவளை இப்படியே விட்டு வைக்க முடியாது."

அவள் காப்பு சிவந்தது. ஸ்கேன் அறையின் கதவு தானே திறந்தது. "கா. வைரமணி, உங்கள் கணவரின் மறைவுக்கு வருந்துகிறோம். துணைக்கு உறவினர் ஒருவர் வரலாம்" என்றது குரல்.

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கால் வைத்தான். கதவு குறுக்கே வந்து மறித்தது. உயிரோடு பதிவில் இருப்பவருக்குத்தான் வழியாம். அவன் கையில் காப்பு நிறமே இல்லாமல் அணைந்து கிடந்தது.

"சனியன் பிடிச்ச கதவு!" என்று எட்டி உதைத்தான். உள்ளேயிருந்து அவள் பெயரை மறுபடி கூப்பிட்டார்கள்.

"இங்கேயே நில்லுங்க. எங்கயும் போயிராதீங்க" என்றாள் வைரமணி. பிறகு அவன் கையை விட்டுவிட்டுத் தனியாக உள்ளே போனாள்.