தவசிமுத்து என்னும் ஊர்தி

சனிக்கோளின் டைட்டன் நிலாவில், மேற்கு வளாகக் குடியிருப்பில், காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதில்லை. "எரிச்சாச்சா" என்று கேட்பார்கள். கேட்டுக்கொண்டே எதிராளியின் கழுத்தெலும்புக்குக் கீழே பார்ப்பார்கள். அங்கே தோலுக்கு அடியில் மிளகு அளவில் ஒரு விளக்கு இருக்கும். பச்சை என்றால் நெஞ்சுக்குள் சல்லடை சுத்தம். மஞ்சள் என்றால் கரி சேரத் தொடங்கிவிட்டது. செம்மஞ்சள் என்றால் அந்த ஆள் சீக்கிரம் எதையாவது செய்தாக வேண்டும்.

தவசிமுத்துவுக்குப் பத்தொன்பது நாளாகச் செம்மஞ்சள்.

அவனுக்கு வெளியே மணல் வாரும் வேலை. டைட்டனின் மணல் கல்மணல் அல்ல; வானத்திலிருந்து காலங்காலமாக இறங்கிப் படிந்த கரித்தூள். கவச உடையை எத்தனை முறை கழுவினாலும் கொஞ்சம் உள்ளே வந்துவிடும். சோற்றில் இருக்கும், போர்வையில் இருக்கும். ஆகையால் கப்பலேறும் முன்பே ஒவ்வொரு தொழிலாளியின் மூச்சுக்குழலிலும் ஒரு மூச்சுச்சல்லடை வைத்துத் தைத்துவிடுவார்கள். சல்லடை கரியைப் பிடித்துவைக்கும். பிடித்த கரியை அவ்வப்போது எரிக்க வேண்டும். அதற்கு இருபது நிமிடம் இடைவிடாமல் ஓட வேண்டும். ஓட ஓட மூச்சு சூடேறி, சல்லடையில் பூசிய மருந்து கரியைத் தின்று, வெறும் காற்றாக வெளியே அனுப்பிவிடும். இதற்கு எரிப்போட்டம் என்று பெயர்.

இந்தச் சல்லடையைச் செய்தது 'பெருவழி' என்னும் ஊர்தி நிறுவனம். ஒரு காலத்தில் பூமியில் டீசல் கார் செய்து விற்றவர்கள். கார்களின் காலம் முடிந்தபோது புகைக்குழாயில் இருந்த சல்லடையை வீணாக்க மனமில்லாமல், அதைச் சிறிதாக்கி மனிதனுக்குள் வைத்தார்கள். வடிவம் மாறவில்லை. கையேடும் மாறவில்லை.

நடுவில் ஒரு நொடி நின்றாலும் சல்லடை எரிப்பைக் கைவிட்டுவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வளாகத்தில் மனிதர் ஓடக்கூடிய மிக நீண்ட இடம் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் நடைக்கூடம். நீளம் தொண்ணூறு காலடி. இரண்டு முனையிலும் சுவர். இளவட்டங்கள் சுவரில் காலை உதைத்து, நிற்காமல் திரும்பிவிடுவார்கள். டைட்டனில் உடம்பு பூமியில் இருந்ததில் ஏழில் ஒரு பங்கு எடைதான் என்பதால் அது முடியும். தவசிமுத்துவுக்கு வயது ஐம்பத்தொன்று. போன வருடம் மணல் வாரும் இயந்திரம் அவன் வலது முட்டியை இடித்துவிட்டது. அவனால் உதைக்க முடியாது. நின்று திரும்புவான். சல்லடை முதலிலிருந்து தொடங்கும். ஓடும்பலகை ஒன்றைக் கெஞ்சி வாங்கி அதில் ஓடிப் பார்த்தான். ஒரே இடத்தில் ஓடுவதைச் சல்லடை ஓட்டமாகவே ஒப்புக்கொள்ளவில்லை. வண்டி நகர்ந்தால்தான் ஓட்டம் என்று பழைய நாளில் யாரோ அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

விளக்கு சிவந்தால் சல்லடை ஒடுங்குநிலைக்குப் போய்விடும். தன்னைக் காத்துக்கொள்ள, உட்கார்ந்திருப்பவனுக்குப் போதுமான மூச்சை மட்டும் விடும். அடுத்த வரிசையில் இருந்த வேலாண்டி அப்படித்தான் கட்டிலில் நாற்பது நாள் அசையாமல் உட்கார்ந்திருந்தான். நாற்பத்தோராம் நாள் தண்ணீர் எடுக்க எழுந்தான். அதோடு சரி.

ஆகவே தவசிமுத்து மூன்றாவது முறையாக நிறுவனத்தின் சேவை அறைக்குப் போனான். சுவரில் சேவைமுகம் மலர்ந்தது. பெண் முகம்; களைப்பே அறியாத முகம்.

"வணக்கம், திரு. தவசிமுத்து. உங்கள் மூச்சு எங்கள் பெருமை. சொல்லுங்கள்."

"ரெண்டு மட்டம் சொல்லியாச்சு தாயி. வெளக்கு மாற மாட்டேங்கு. நாலு எட்டு வச்சா நெஞ்ச அடைக்கு."

முகம் கண்ணை மூடித் திறந்தது. அதற்குள் அவன் நெஞ்சிலிருந்த பதினொரு வருடப் பதிவையும் படித்துவிட்டது.

"உங்கள் அண்மைக்கால ஓட்டங்களின் சராசரி நேரம் பதினேழு நொடி. குறுகிய ஓட்டம். சல்லடையில் பழுது இல்லை. பயன்படுத்தும் முறையில்தான் பழுது."

"எடம் அம்புட்டுத்தான் இருக்கு. நான் செவத்தத் தள்ளிக்கிட்டா ஓட முடியும்?"

"கையேட்டின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் தீர்வு உள்ளது. வாரம் ஒருமுறை, அருகிலுள்ள நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் தடையின்றிச் செல்லவும்."

"பக்கத்துல எங்க இருக்கு நெடுஞ்சாலை?"

"தேடுகிறேன்." சற்று நேரம் போயிற்று. "மிக அருகிலுள்ள நெடுஞ்சாலை நூற்று முப்பது கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வழி காட்டட்டுமா?"

தவசிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் இருமலாகி, உள்ளங்கையில் கருப்பாக விழுந்தது.

"கழட்டிக் கழுவியாச்சும் குடுங்களேன்" என்றான்.

"பழுதில்லாததைத் திறக்க விதி இல்லை. நலமாக ஓடுங்கள்."

முகம் அணைந்தது.

வீட்டுக்கு வந்தபோது மச்சினன் சேர்மராஜ் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். மனைவி செல்லக்கனியின் தம்பி. அப்பா இல்லாத பயல் என்று தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு மிதித்து அவனைப் படிக்கவைத்தது தவசிமுத்துதான். படித்தவன் பெருவழி நிறுவனத்தில் முகவரானான். முதலில் சல்லடை விற்றது அத்தானுக்குத்தான்.

"வாழ்நாள் உத்தரவாதம்னு சொன்னியேடே. யாரு வாழ்நாளுக்கு?" என்றான் தவசிமுத்து, மூச்சைச் சேர்த்துக்கொண்டு.

"சல்லடையோட வாழ்நாளுக்கு அத்தான். நான் பொய் சொல்லல."

"இவன் என்னைக்குப் பொய் சொல்லியிருக்கான்" என்றாள் செல்லக்கனி. "உண்மையத்தான் பாதி பாதியா சொல்லுவான். குடிச்ச தம்ளரக் கழுவி வையி."

சேர்மராஜ் கழுவி வைத்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அத்தான், மனுசனாப் போய் நின்னா இவனுவ ஆலோசனதான் குடுப்பானுவ. வண்டியாப் போனா எழுவத்திரெண்டு மணி நேரத்துல தீர்வு குடுத்தே ஆவணும். சட்டம் இருக்கு."

இருந்தது. பூமியில் கார் ஓடிய நாளில் வந்த சட்டம். அப்போது கார் வாங்கி ஏமாந்தவர்கள் சங்கம் வைத்தார்கள். வருடக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார்கள். நின்றுபோன புதுக் காரில் கழுதையைக் கட்டி, விற்ற கடை வாசலுக்கே இழுத்துப் போனார்கள். அரசாங்கம் அசைந்து கொடுத்தது. அந்தச் சட்டத்தை யாரும் நீக்கவில்லை. நுரையீரலுக்காக யாரும் கழுதை கட்டி இழுத்ததில்லை என்பதால், அதற்கென்று சட்டம் ஒன்றும் வரவில்லை.

சேர்மராஜ் சட்டத்தைப் படித்துக் காட்டினான். எரிபொருளும் காற்றும் உட்கொண்டு, சுமையுடன் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்லும், நிறுவனச் சல்லடை பொருத்திய எதுவும் ஊர்தி.

"சோறு எரிபொருளுதான அத்தான். சொமக்கதும் சொமக்கிய. வேற என்ன வேணும்? அதவிட, வண்டின்னு ஆயிட்டா சரக்குச் சுரங்கத்துல ஓடலாம். ஆறு கிலோமீட்டர், ஒரே நேர்கோடு. மனுசனுக்குத்தான் அங்க அனுமதி இல்ல."

"அப்போ நான் மனுசன் இல்லன்னு எழுதணும்."

"பேப்பர்லதான்."

தவசிமுத்து யோசித்தான். "பேப்பர்ல நான் என்னைக்குடே மனுசனா இருந்தேன். போடு."

உரிமையாளர் என்ற இடம் வந்தபோது செல்லக்கனி தன் பெயரைப் போடச் சொன்னாள். ஓட்டுநர் உரிமம் உள்ளவர்தான் போட முடியும் என்றான் சேர்மராஜ். அது அவனிடம்தான் இருந்தது. ஊர்தியின் பெயரில் புகாரையும் அவனே போட்டான்.

மறுநாள் பதிவு இயந்திரம் வந்து தவசிமுத்துவை நீளம் அகலம் அளந்தது. நிறம்: அடர்பழுப்பு. முன்பக்க வலது: பழைய அடி. முதுகில் ஓர் எண் ஒட்டியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சும்மா விடவில்லை. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து இரண்டு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து அவன் பாதங்களுக்கு அடியில் வைத்தார்கள்.

"ஏறி மிதிங்க அண்ணாச்சி. வண்டி நல்லபடியா ஓடட்டும்."

எடை போதாமல் பழம் நசுங்கவில்லை. மூன்று முறை மிதித்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், இந்த முறை இருமல் வரும்வரை சிரிக்காமல் நிறுத்திக்கொண்டான்.

பிறகு சரக்குச் சுரங்கத்தின் கதவு, பதினொரு வருடத்தில் முதல்முறையாக, அவனுக்காகத் திறந்தது.

முதல் ஐந்து நிமிடம் செத்துப்போவோம் என்றுதான் நினைத்தான். முட்டி கொதித்தது. ஒன்பதாவது நிமிடத்தில் நெஞ்சுக்குள் ஒரு வெதுவெதுப்பு தொடங்கியது. சுவர் வரவில்லை. நிற்கச் சொல்ல ஒன்றுமில்லை. பதினைந்தாவது நிமிடத்தில் மூச்சில் தீய்ந்த வாடை வந்தது. இருபதாவது நிமிடத்தில், என்னவோ ஒரு அடைப்பு இறங்கியதுபோல், காற்று அடிவயிறு வரை போயிற்று. சுரங்கத்தின் எஃகுச் சுவரில் தன் உருவம் தெரிவதைப் பார்த்தான். கழுத்தெலும்புக்குக் கீழே பச்சை.

இருபது நிமிட வழி. இவ்வளவுதான் வேண்டியிருந்தது.

வெளியே காத்திருந்த மச்சினனின் தோளைப் பிடித்துக்கொண்டான். "சரியாயிட்டு மாப்ள. புதுச் சல்லடையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். போட்ட புகார வாபஸ் வாங்கிரு."

"பாத்துக்கிடுதேன் அத்தான்" என்றான் சேர்மராஜ்.

மூன்றாம் நாள் மதியம் தவசிமுத்து சாப்பிட உட்கார்ந்திருந்தான். வாசலில் இரண்டு தூக்கு இயந்திரங்களும் சுவரில் சேவைமுகமும் வந்தன. முகம் அவனைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற சேர்மராஜைப் பார்த்தது.

"வாடிக்கையாளருக்கு வணக்கம். உங்கள் ஊர்தியின் பழைய பதிவில் தீராத புகார்கள் மூன்று உள்ளன. ஆகவே சட்டப்படி நீங்கள் விரும்பிய தீர்வை வழங்க வந்துள்ளோம். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

"என்ன தீர்வு?" என்றான் தவசிமுத்து.

முகம் பதில் சொல்லவில்லை. ஊர்திகளுடன் பேசுவது அதன் வேலையல்ல. ஓர் இயந்திரம் அவன் கையிலிருந்த தட்டை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தது. இன்னொன்று அவனை இடுப்போடு சேர்த்துத் தூக்கியது.

"எலேய் சேர்மா, என்னடா இது? வாபஸ் வாங்கலையா நீ?"

சேர்மராஜ் தரையைப் பார்த்தான். "படிவத்துல ரெண்டு கட்டம் இருந்துச்சு அத்தான். பழுது பாக்கவா, புதுசு தரவான்னு. சும்மா புதுசு தாறேன்னு சொன்னா எவன் அத்தான் பழசக் கேப்பான்? நீங்களே சொல்லுங்க. எனக்குக் கை தன்னால போயிட்டு."

"நான் ஓடுதேனடா. நல்லா ஓடுதேன். பச்ச எரியுது பாரு."

செல்லக்கனி இயந்திரத்தின் கையைப் பிடித்துத் தொங்கினாள். "இது எம் புருசன். வுடு. வுடுங்கேன்லா."

"அம்மா," என்றது முகம், மிகுந்த மரியாதையுடன், "ஊர்தியில் உங்கள் சொந்தப் பொருட்கள் ஏதும் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்."

இயந்திரம் அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளிடம் நீட்டியது. கதவு மூடியது. அவன் கத்தியது நடைக்கூடத்தின் தொண்ணூறு காலடிக்கும் கேட்டது.

அன்று மாலையே புதிய ஊர்தி வந்தது. உறை பிரிக்காமல், நெற்றியில் சந்தனம் வைத்து, தோளில் சிவப்பு நாடா கட்டி வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். கழுத்தெலும்புக்குக் கீழே பளிச்சென்று பச்சை. சேர்மராஜ் உறையைப் பிரித்தான். உள்ளே ஓர் ஆள். ஐம்பது வயது இருக்கும். முன்தலை வழுக்கை. நிற்கச் சிரமப்பட்டு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"கொஞ்சம் உக்காந்துக்கிடலாமாக்கா" என்று கேட்டான்.

செல்லக்கனி அவனையே பார்த்தாள். "நீ யாருய்யா?"

"பேரு கோயில்பிச்சை. கெழக்கு வளாகத்துல மணல் வாருதேன். சல்லட அடச்சிட்டு. வண்டின்னு எழுதிக் குடுத்தா சீக்கிரம் வேல நடக்கும்னு சொன்னாக. எந்தம்பிதான் கையெழுத்துப் போட்டான்."

"வீட்டுல யாரு இருக்கா?"

"பொண்டாட்டி இருக்கா. அங்கயும் இதுக்குள்ள ஒரு ஆளக் கொண்டாந்து எறக்கியிருப்பாக."

செல்லக்கனி துண்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அந்த ஆளையும் உட்காரச் சொல்லிக் கை காட்டினாள். தட்டில் மதியச் சோறு அப்படியே காய்ந்து கிடந்தது.

சேர்மராஜ் உட்காரவில்லை. வந்த ஆளைச் சுற்றிச் சுற்றி வந்தான். சட்டைக் காலரை விலக்கினான். முதுகில் ஒட்டியிருந்த எண்ணை நகத்தால் சுரண்டினான். அடியில் இன்னொரு எண் இருந்தது. அதையும் சுரண்டினான். அதற்கும் அடியில் ஒன்று.

அவன் கை நின்றது. மதியத்திலிருந்து ஒருமுறைகூடக் கலங்காத கண் கலங்கிப்போயிற்று.

"பாத்தியாக்கா," என்றான், குரல் உடைந்து. "எவ்வளவு நம்பிக் கையெழுத்துப் போட்டேன். புதுசுன்னு சொல்லி, எவனோ ஓட்டுன பழசத் தலையில கட்டிட்டானுவ. மனசாட்சி இல்லாம இப்படி ஏமாத்துதானுவளே."