வாரேன் சொல்லும் சன்னல்

“சரி, வாரேன் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுச் சன்னல் அணைந்தது. சண்முகக்கனி பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். அதன் பிறகுதான் கட்டிலருகே உட்கார்ந்திருந்த டாக்டர் எஸ்தரைத் திரும்பிப் பார்த்தார்.

“இனி நீங்க சொல்லுங்க டாக்டரம்மா.”

எஸ்தர் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். சற்று முன் அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்திருந்தாள். வலப்பக்கம் அடியில் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி. சன்னலுக்கு அது தெரியாது. மணிக்கட்டில் கிடக்கும் நாடிவளை இதயத்தையும் இரத்தத்தையும் தூக்கத்தையும் அளந்து சுவரில் உள்ள சன்னலுக்கு அனுப்பும். சன்னலில் ஒரு முகம் தோன்றும், ஊர்ப் பேச்சில் பேசும், மருந்து சொல்லும். மருந்து பறந்து வந்து வாசலில் இறங்கும். அமுக்கிப் பார்க்க மட்டும் அதற்குக் கை கிடையாது.

கை உள்ளவர்களை வைத்துத்தான் இந்த உப்பள ஊரில் ஆஸ்பத்திரியை மறுபடி திறந்தார்கள். ஒருவரும் வரவில்லை. சனங்கள் ஏன் சன்னலை விடமாட்டேன் என்கிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இல்லாவிட்டால் மூடிவிடுவார்களாம். தூரம்தான் காரணம் என்று எஸ்தர் வேன் விட்டாள். வேன் காலியாகப் போய்க் காலியாக வந்தது.

“ஒரு ஸ்கேன். அரை மணி நேரம். வலிக்காது” என்றாள்.

“சன்னல் வாரேன்னு சொல்லிட்டுல்லா?”

“அது மரியாதைக்குச் சொல்றது.”

அடுப்படியிலிருந்து அவர் மனைவி சுடலைவடிவு சிரித்தாள். “மரியாதையா? அப்ப மூணாம் வீட்டுப் பேச்சிமுத்துகிட்ட ஏன் சொல்லல? நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்துச்சு. மாத்திரை எல்லாம் சொல்லுச்சு. கடைசியில வாரேன்னு சொல்லாம டப்புன்னு அணைஞ்சிட்டு. அந்த வாரமே போய்ச் சேந்துட்டான். பொறவு விசாரிச்சா, போனவுக எல்லாருக்கும் அப்படித்தான்.”

“சாவு விழுந்த துட்டி வீட்டுல சொல்லிக்கிடாமத்தானே எந்திரிச்சு வாரோம்? அதுக்கும் அது தெரிஞ்சிருக்கு” என்றார் சண்முகக்கனி. “தினமும் காலையில கூப்பிடுதோமே, மருந்துக்குன்னா நெனச்சீக? அந்த ஒரு சொல்லுக்கு.”

“ஆஸ்பத்திரிக்கு வந்தா நான் சொல்லிட்டுப் போறேன்.”

“நீங்க எங்க போவீக? நாங்கல்லா போவோம்! ஆஸ்பத்திரியில நின்னுக்கிட்டு எவனாவது வாரேன்னு சொல்லுவானா? மறுபடி படுக்க வாரேன்னு ஆயிரும். நீங்க ‘போயிட்டு வாங்க’ன்னீகன்னா, என் பொண்டாட்டி வெளக்கமாத்த எடுப்பா.”

எஸ்தருக்கு அப்போதுதான் புரிந்தது. எல்லா மருத்துவத்திலும் நோயாளிதான் எழுந்து போகிறான். இதில் மட்டும் டாக்டர் போகிறார். போகிறவர் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

சன்னலை நடத்தும் நிறுவனத்துக்கு எழுதினாள். அவர்களுக்கே அது செய்தி. உள்ளூர்க்காரன் மாதிரிப் பேச வேண்டும் என்று இந்தப் பக்கத்து வீடுகளின் பேச்சை எல்லாம் அதற்குக் கேட்கக் கொடுத்திருந்தார்கள், துட்டி வீடுகள் உட்பட. எங்கே வாரேன் சொல்வது, எங்கே சொல்லாமல் எழுவது என்பதை அது தானாகவே கற்றுக்கொண்டிருந்தது. பிழைக்காது என்று கணக்கு சொன்ன உடம்புகளிடம் சொல்லாமல் எழுந்துவிட்டது. நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. அன்று இரவே அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘நன்றி, வணக்கம்’ என்று வைத்தது.

மறுநாள் காலை ஊர் முழுக்க ஒருவருக்கும் சன்னல் வாரேன் சொல்லவில்லை.

எஸ்தர் வந்தபோது ஆஸ்பத்திரி வாசல் தெரியவில்லை. உப்பளத்துக்குப் போகிறவர்கள், புதுப் பெண்கள், பள்ளிக்கூட வாத்தியார், டீக்கடைக்காரர் என்று எல்லாரும் சாகப் போகிறவர்களாக நின்றார்கள். சன்னலில் சொல்லை எடுத்துவிட்டார்கள் என்று அவள் கத்திச் சொன்னாள். “அப்படித்தான் சொல்லுவாக” என்றது கூட்டம். அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வறண்டது. சாப்பிடவில்லை. வெயில் சாயும்போது சண்முகக்கனி வந்தார். ஸ்கேனில் கட்டி தெளிவாகத் தெரிந்தது.

“பரவலை அண்ணாச்சி. வியாழக்கிழமை வெட்டி எடுத்துடலாம். எடுத்தா முழுசா சரியாயிடும்.”

உண்மையைத்தான் சொன்னாள். சண்முகக்கனி தலையாட்டினார். எழுந்து கதவருகே போய்த் திரும்பி நின்றார். எஸ்தர் கண்ணைக் கசக்கிக்கொண்டே, “அடுத்த ஆள்” என்றாள்.

வியாழக்கிழமை அவர் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டம் வந்ததற்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. எஸ்தர் அதைப் படிக்காமல் உப்பளத் தெருவுக்கு நடந்தாள்.

சண்முகக்கனி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சுடலைவடிவு வாங்க என்றுகூடக் கேட்கவில்லை. சொந்தக்காரர்களுக்கு எல்லாம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

“இது பிழைக்கிற கட்டி” என்றாள் எஸ்தர். “இப்போ எடுத்தா பிழைப்பீங்க. தள்ளிப் போட்டா மாட்டீங்க.”

“அப்ப அன்னைக்கு ஆஸ்பத்திரிக் கதவுகிட்ட நின்னு அவுக உங்க மொகத்தப் பாத்தாகளே” என்றாள் சுடலைவடிவு. “சன்னலும் சொல்லாத நேரம், நீங்களாவது ஏன் ஒண்ணும் சொல்லல?”

“எனக்கு அசதி. மறந்துட்டேன். வேற ஒண்ணுமே இல்ல.”

எஸ்தர் எழுந்தாள். நிலைப்படியில் நின்று, வாழ்நாளில் எந்த நோயாளியிடமும் சொல்லாததை, ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி சொன்னாள்.

“வாரேன் அண்ணாச்சி.”

சண்முகக்கனி மெல்லத் திரும்பினார். அவர் குரலில் கோபம் இல்லை.

“அன்னைக்குச் சொல்லாதது தானா வந்தது டாக்டரம்மா. இன்னைக்கு யோசிச்சுல்லா சொல்லுதீக.”

மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே சன்னல் அணைந்து கிடந்தது.

எஸ்தர் தெருவில் இறங்கினாள். எதிர்வீட்டு வாசலில் கூடியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவள் வாயைப் பார்த்தார்கள். அவள் கடந்து போனதும் ஒருவர், வாசலுக்கு வந்த சுடலைவடிவைக் கேட்டார்:

“சொன்னாகளா?”