தோளில் விழுந்த கை

கண் டாக்டரிடமிருந்து வெளியே வந்தபோது புக்கரெஸ்ட் நகரத்தையே மூடுபனி விழுங்கியிருந்தது. டிராம் ஓடவில்லை. வீடு சிஷ்மிஜியு பூங்காவுக்கு அந்தப் பக்கம். குறுக்கே நடந்தால் இருட்டுவதற்குள் போய்விடலாம்.

"பூங்கா வேண்டாம் ஸ்மராந்தா. சுத்திப் போயிடலாம்," என்றார் அங்கேல்.

"உனக்கு முட்டி வலி, எனக்குக் கண்ணு தெரியல. ரெண்டு கிழங்களும் ஊரைச் சுத்தணுமாக்கும்! பேசாம வா."

பூங்கா வாசலில் எள் தூவிய சூடான கொவ்ரிக் ரொட்டி வளையம் ஒன்று வாங்கிப் பிட்டு, பாதியை அவர் கையில் திணித்தாள். அவர் அதைத் தின்னவில்லை.

அங்கேல் அந்தப் பூங்காவில் கால் வைத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. காரணம் அவளுக்குத் தெரியும். அவளுடைய முதல் கணவன் ஹோரியாவை ரகசியப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது இங்கேதான், சதுரங்க மேஜையிலிருந்து. நாட்டின் தலைவரைப் பற்றி அவன் சொன்ன ஒரு நையாண்டியை யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். சில வாரங்களில் ஆணியடித்த சவப்பெட்டி வந்தது. திறக்கவிடவில்லை.

அன்று ஹோரியாவுக்கு எதிரே உட்கார்ந்து ஆடியவர் அங்கேல். அவனுடைய உயிர் நண்பர். பிறகு அவளுக்காக ரொட்டி வரிசையில் நின்றவரும், விறகு சுமந்து வந்தவரும், கடைசியில் அவளைக் கட்டிக்கொண்டவரும் அவர்தான். "கடைசியா அவன் தோள்ல கை வச்சேன்," என்று சொல்லிச் சொல்லி அழுவார். அந்த அழுகைக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டாள் என்றுகூடச் சொல்லலாம்.

குளிர்காலத்துக்காகப் பூங்கா ஏரியை வடித்திருந்தார்கள். சேற்று நாற்றமும் அழுகிய இலை வாசமும் மூக்கைத் துளைத்தன. மொட்டை மரங்களில் காக்கைகள் அடை அடையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடக் கரையவில்லை.

சதுரங்க மேஜைகள் பக்கம் வந்ததும் ஒரு சத்தம் கேட்டது.

கல்லின்மேல் மரக்காயை வைக்கும் சத்தம்.

"இந்தக் குளிர்ல எவன் ஆடிட்டிருக்கான்?" என்று அவள் சிரித்தாள்.

அங்கேல் சிரிக்கவில்லை. அவர் விரல்கள் அவள் கையில் இறுகின.

மூடுபனி கொஞ்சம் விலகியது. கடைசி மேஜையில் ஒருவன் குனிந்து உட்கார்ந்திருந்தான். சாம்பல் நிறக் கோட்டு. கழுத்தில் மயிர் ஈரமாக ஒட்டியிருந்தது. எதிர் இருக்கை காலி.

"வந்துட்டியாடா அங்கேல்?" அவன் நிமிரவில்லை. "உன் ஆட்டம்தான். எழுந்து போனவன் இன்னும் காய் நகத்தலையே."

அந்தக் குரலை அவள் மறக்கவே இல்லை.

"ஹோரியா..." என்றாள்.

"ஸ்மராந்தாவையும் கூட்டிட்டு வந்திருக்கியா? நல்லது. அவகிட்ட மீதியையும் சொல்லு. என் தோள்ல நீ எதுக்குக் கை வச்சேன்னு சொல்லு."

"ஓடிடலாம் வா," என்று அங்கேல் கிசுகிசுத்தார்.

"பிடிக்க வந்தவங்களுக்கு என் முகம் தெரியாது ஸ்மராந்தா. இவன் எழுந்து வந்து யார் தோள்ல கை வைக்கிறானோ, அந்த ஆளைத் தூக்கணும். அதான் பேச்சு."

அவள் திரும்பி அங்கேலைப் பார்த்தாள். இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நம்பத் தயாராக இருந்தாள்.

அவர் தரையைப் பார்த்தார்.

ரொட்டி, விறகு, கல்யாணம், ஒரே கட்டிலில் கழிந்த இத்தனை இரவுகள். எல்லாம் ஒரு நொடியில் சேறாக நாறின.

அப்போது காலடிகள் கேட்டன.

இரண்டு பேர். அவசரமில்லாத நடை.

மூடுபனியில் தொப்பி வைத்த இரண்டு உருவங்கள் நின்றன. தொப்பிக்குக் கீழே முகம் இருக்கவேண்டிய இடத்தில் மூடுபனிதான் இருந்தது.

"இதுல யாரு?" என்றது ஒரு குரல். வேலை முடிந்து வீட்டுக்குப் போகக் காத்திருக்கிறவனின் சலிப்பு அதில்.

அங்கேலின் பிடி அவள் கையிலிருந்து நழுவியது.

"யாருன்னு கேட்டேன்."

அவள் இடது தோளில் ஒரு கை மெதுவாக விழுந்தது.

கதகதப்பான கை. உயிருள்ள கை. காய்ச்சலில் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்த கை.

"மன்னிச்சிடு," என்று அங்கேல் அவள் காதருகே அழுதார். "எனக்குப் பயமா இருக்குடி."

அவள் கத்தவில்லை. அந்தக் கையைப் பிடித்து எடுத்தாள். பிறகு அவரை நேராகப் பார்த்து, தன் கையை அவர் தோளில் வைத்தாள். அழுத்தி வைத்தாள்.

தொப்பிகள் இரண்டும் அசைந்தன.

அவர் கத்தியது பாதியில் நின்றது. சருகுகளின்மேல் குதிகால்கள் இழுபடும் சத்தம் ஏரிப் பக்கமாகப் போய்ச் சேற்றுக்குள் அடங்கியது.

ஹோரியா அப்போதுதான் நிமிர்ந்தான். சிரிக்கவில்லை.

"ரொம்பச் சுலபமா இருக்கு, இல்ல?" என்றான். அவளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பூங்காக் காவல்காரர் வந்து பார்த்தபோது அவள் வெறும் மேஜை முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். போலீஸ் சேற்றைக் கிளறியது. நாய்களைக் கொண்டுவந்தது. அங்கேலின் பொத்தான்கூடக் கிடைக்கவில்லை. வயதானவர், வழி தவறியிருப்பார் என்றார்கள். அவள் தலையாட்டினாள்.

ராத்திரிகளில் தூக்கம் வராதபோது ஒன்று மட்டும் அவளை அரித்தது. அங்கே கொண்டுபோகப்படுகிறவர்களிடம் முதலில் கேட்பது பெயர்கள்தான். வேறு யார், வேறு யார் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஹோரியா யாரையும் காட்டிக்கொடுக்காமல் செத்தான்.

அங்கேல் அப்படிப்பட்டவர் இல்லை.

முதல் வெண்பனி விழுந்த காலையில், ரொட்டி வாங்கக் கிளம்பிக் கதவைத் திறந்தாள். முற்றம் முழுக்கத் துடைத்துவைத்தாற்போல வெள்ளை. அதன் நடுவே இரண்டு ஜோடிச் சப்பாத்துத் தடங்கள் தெருவிலிருந்து நேராக வந்து, அவள் வாசற்படியில் ஏறியிருந்தன.

திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளே, யாரோ சலிப்போடு தொண்டையைச் செருமினார்கள்.