கூரைமேல் பதினோரு கல்

முதல் சத்தம் கேட்டபோது மரியபுஷ்பம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலைக்கு மேலே, தகரக் கூரையில், யாரோ எதையோ வைத்த சத்தம். சில்வர் ஓக் கிளை முறிந்தால் தடாலென்று விழுந்து உருளும், குரங்கு குதித்தால் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் தடதடவென்று ஓடும். இது அப்படி இல்லை. கனமான ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து, கீழே தூங்குகிறவர்கள் முழித்துக்கொள்ளக் கூடாது என்பது போல மெதுவாக இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஒரே ஒரு டொக். அப்புறம் பழையபடி மழை.

மணி நாலுகூட ஆகவில்லை, அதற்குள் விளக்கேற்ற வேண்டிய இருட்டு. கரண்டு காலையிலேயே போயிருந்தது. காற்று துளியும் இல்லை. கொட்டச்சேட்டுச் சரிவு முழுக்க ஓர் இலை அசையாமல் நின்றது, காப்பித் தோட்டத்திலிருந்து அழுகின பழத்தோல் வாடை மட்டும் வீட்டுக்குள் வந்து தங்கியது. கட்டிலில் மகள் லூர்துசெல்வி காய்ச்சலோடு சுருண்டிருந்தாள். பதினேழு நடக்கிறது. மரியபுஷ்பத்துக்கு இருக்கிற ஒரே பிள்ளை.

"என்னம்மா சத்தம்?"

"ஒண்ணுமில்ல கண்ணு. தூங்கு."

மலைக்காரர்களுக்குப் புயல் என்றால் அது ரேடியோவில் வருகிற சமாச்சாரம். கடலூருக்கு வரும், நாகப்பட்டினத்துக்கு வரும். இங்கே இரண்டு நாள் சாரலடித்துவிட்டுப் போகும். அன்று காலையில்கூட, கடைக்கார ஜாபர் அலி ரொட்டியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "காரைக்கால் பக்கம் கரை ஏறுதாமுங்க. நமக்கென்னங்க, இங்க கடலா இருக்குது?" என்று சிரித்தார். சிரித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்திருக்கும். அப்புறம் அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

அதே வார்த்தையைத்தான் பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவளும் சொன்னாள், பாவி.

அவள் கல்யாணமாகி வந்த நாளிலேயே அந்தக் கூரைமேல் பதினோரு கல் இருந்தது. எந்தக் காலத்துப் புயலுக்குப் பயந்து யார் தூக்கி வைத்ததோ. அந்தப் புயலைப் பார்த்தவர்களெல்லாம் கல்லறைக்குப் போயாயிற்று. கல் மட்டும் பாசி பிடித்துக் கிடந்தது, எதற்கென்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஒன்பது வருஷம் வயிறு திறக்காமல், மாதாவுக்கு நேர்ந்துகொண்டு செல்வி பிறந்தாள். பிள்ளை பிறந்தால் வாசலில் கல்லடுக்கிக் குகை மாதிரி கெபி கட்டி மாதா சுரூபம் வைக்கிறேன் என்பது நேர்ச்சை. விலைக்குக் கல் வாங்க வக்கில்லை. "அதான் கூரை மேல சும்மா கெடக்குதுங்களே" என்றாள் புருஷனிடம்.

எஸ்டேட்டில் மரக்கிளை கழிக்கிற வேலை பார்த்தவர் லாசர், காற்றின் குணம் தெரிந்தவர். "அது இருக்கட்டும் புள்ள. காத்து கீத்து வந்தா?"

"நம்ம ஊருக்கு எங்கிங்க புயல் வருது? இங்க கடலா இருக்குது?"

அவர் எதிர்த்துப் பேசத் தெரியாத மனுஷன். ஏணி போட்டு ஒவ்வொன்றாக இறக்கி, பதினொன்றையும் அடுக்கிக் கெபி கட்டிக் கொடுத்தார். பிள்ளைக்கு ஏழாம் மாசம், ஐப்பசிக் கடைசியில், கரையைத் தாண்டி உள்ளே வந்தது புயல். தகரம் எழும்பி எழும்பி அடித்தது, அடியில் தூளியில் குழந்தை. அவர் மேலே ஏறிக் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தகரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கீழேயிருந்து அவள் கத்தினாள்: "விட்றாதீங்க! கெட்டியா புடிச்சுக்கங்க!"

"செரி புள்ள" என்று மேலேயிருந்து குரல் வந்தது. அதுதான் கடைசி.

மறுநாள் கீழ்த் தோட்டத்தில் கண்டெடுத்தார்கள். தகரத்தின் மேலேயே படுத்திருந்தார். விரல்களைப் பிரிக்க முடியவில்லை. கத்திரி வைத்துத் தகரத்தைச் சுற்றி வெட்டி, கையில் பிடித்த துண்டோடவே அடக்கம் செய்தார்கள். எறங்கி வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இறங்கியிருப்பார். அவள் சொல்லவில்லை. அதை நினைக்காமல் அவள் ஒரு நாள்கூடத் தூங்கினதில்லை.

டொக்.

இரண்டாவது. முதல் சத்தம் கேட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே.

மூளைக்கு முன்னால் அவள் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. ஈரக் கையோடு போய் ஜன்னல் கதவைத் திறந்தாள். வாசலில் கெபியின் இடது பக்கத்தில் இரண்டு கல் இல்லை. இருந்த இடத்தில் இரண்டு குழி, குழியில் மழைத்தண்ணீர். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேலே மூன்றாவது விழுந்தது; கண்ணைத் திருப்பினால் வாசலில் மூன்றாவது குழி. தூக்கினவரைக் காணவில்லை.

அப்போதுதான் காற்று கிளம்பியது. எங்கேயோ வாழவந்திப் பக்கம் லாரி ஏறுகிற மாதிரி ஒரு முனகல், கிட்டே வர வர மரங்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. காற்று கூட, மேலே வேலையும் வேகமானது. நாலு. அஞ்சு. ஆறு. துருத்தூள் உதிர்ந்து செல்வியின் போர்வையில் விழுந்தது. ஏழு. எட்டு. ஒன்பது. அவர் போன பிறகு போல்ட்டு போட்டு முடுக்கின கூரை இது, கல்லே வேண்டாம், அதை அவருக்கு யார் சொல்வது? பத்து.

பதினொன்று.

வாசலில் சேற்றுக்கு நடுவே மாதா சுரூபம் மட்டும் மழையில் நின்றது.

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு கூரைமேல் நீளமாக ஒன்று படுத்தது. முதலில் முழங்கால். அப்புறம் மார்பு. கட்டிலுக்கு நேர் மேலே தகரம் ஆள் அளவுக்குக் கீழே தொய்ந்தது. தகரத்தோடு தகரம் உரசுகிற சத்தம் விளிம்புவரை போய் நின்றது. நடுச்சட்டம் படீரென்று விரிசல் விட்டது. இன்னும் கொஞ்சம் பாரம் இறங்கினால் அத்தனையும் பிள்ளையின் மேல்.

"கண்ணு, எந்திரி. எந்திரி சாமி." இழுத்துப் பார்த்தாள். காய்ச்சலில் கிடந்த உடம்பு, பிணமாய்க் கனத்தது.

அவள் அண்ணாந்தாள். பயம்தான். பயத்துக்குள்ளே அழுகையும் வந்தது. பதினாறு வருஷமாக அந்த மனுஷன் பிடித்துக்கொண்டே கிடக்கிறார்.

"ஏனுங்க" என்றாள். "போதும்ங்க. நொம்ப நேரம் புடிச்சுட்டீங்க. எறங்கி வாங்க."

மேலே உரசல் நின்றது. தொய்ந்திருந்த தகரம் மெல்ல நிமிர்ந்தது. வீட்டின் பின்பக்கம் ஏணிப்படியில் கால் வைக்கிற சத்தம். ஒரு படி. இன்னொரு படி. அந்த ஏணியை அவர் செத்த வருஷமே அடுப்பில் வைத்துவிட்டாள்.

அவர் விட்டதும் காற்று உள்ளே புகுந்தது. போல்ட்டுகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. சட்டம் முறிந்தது. எங்கிருந்து வந்த பலமோ, அவள் மகளைத் தூக்கி நிறுத்தி, தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பின்னால் கூரை அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. கெபியின் குழி தடுக்கி மரியபுஷ்பம் விழுந்தாள். செல்வி நாலு எட்டு தாண்டிப்போய் நின்றாள்.

தப்பித்தாள். மாதாவே, பிள்ளை தப்பித்தாள்.

"அம்மா" என்றாள் செல்வி. "எம்மேல மழையே படலையேம்மா."

சுற்றிலும் மழை கொட்டியது. அவள்மேல் ஒரு சொட்டு இல்லை. அவள் தலைக்கு மேலே, சுற்றி வெட்டின ஒரு துருப்பிடித்த தகரம். அதன் இரண்டு விளிம்பிலும் விரல்கள். தோல் இல்லை. பிடி மட்டும் இருந்தது. செல்விக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார்.

செல்வி அண்ணாந்து பார்க்கவில்லை. காய்ச்சல் மயக்கத்தில், ஆதரவுக்கு எதையோ பிடிக்கிறவள் போலக் கையை உயர்த்தி அந்த விளிம்பைப் பிடித்தாள். விரல் ஒன்று நகர்ந்து அவள் விரலின் மேல் மடிந்தது.

மறுபடியும் காற்று. கீழேயிருந்து. தகரத்துக்கு அடியில் புகுந்தது.

விட்டுடுங்க. அதைத்தான் சொல்ல வேண்டும். அவளுக்குத் தெரியும். சேற்றில் ஊர்ந்து கையை நீட்டினாள். எட்டவில்லை. வாயைத் திறந்தாள். பயத்தில் வந்தது பழைய வார்த்தை.

"விட்றாதீங்க! கெட்டியா புடிச்சுக்கங்க!"

"செரி புள்ள."

செல்வியின் குதிகால் இரண்டும் மண்ணை விட்டு எழும்பின.