அவருக்குப் பழமில்லை

"என்னகா... என்ர தம்பிக்கு ஒரு வாழப்பழம் குடுக்கவும் உனக்கு மனசில்லையா?"

விடிந்ததும் விடியாததுமாகப் புஸ்பம் தொடங்கிவிட்டாள். தம்பியின் மனைவி சீதேவிப்பிள்ளை, அவித்த கீரையின் தண்ணீரை வடித்து ஊற்றிக்கொண்டிருந்தாள். போரில் உன்னிச்சையில் ஷெல் குண்டு விழுந்து வீடிழந்த புஸ்பம், கரடியனாற்றில் தம்பி அழகரத்தினத்தின் குடும்பத்தோடுதான் இருந்தாள். வந்த அன்றைக்குத் தன் பாயையே அவளுக்கு விரித்துக் கொடுத்தவள் சீதேவி.

"அவருக்குக் கிட்னி பழுது மச்சாள். வாழப்பழம், தோடம்பழம், இளநி ஒண்டும் ஏலாதெண்டு டாக்குத்தர் சொன்னவர்."

"பழம் திண்டு ஆர் செத்தது? பட்டினி போட்டுக் கொல்லப் பாக்கிறாய்!"

அழகரத்தினம் வீங்கிய கால்களைப் பார்த்தபடி பேசாமல் இருந்தார். அந்த மௌனம்தான் சீதேவியைச் சுட்டது.

"ஊர் என்னைக் கொலைகாரி எண்டாலும் சரி மச்சாள், அவருக்குப் பழமில்ல!"

சொல்லிவிட்டு உடுப்புத் துவைக்க ஆற்றுக்குப் போனாள். திரும்பியபோது கட்டிலடியில் வாழைப்பழத் தோல்கள், வெறும் இளநீர்க் கோம்பைகள்...

மத்தியானம் அழகரத்தினத்தால் கால்களை அசைக்க முடியவில்லை. சீதேவி அவர் நெஞ்சில் காது வைத்துக் கேட்டாள். துடிப்பு நின்று நின்று வந்தது.

பக்கத்து வீட்டு உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் அவரைக் கிடத்திக்கொண்டு இரண்டு பெண்களும் புறப்பட்டார்கள். பாலத்தடி இராணுவச் சோதனைச் சென்றியில் பாதை மூடிக் கிடந்தது. சிப்பாய் துவக்கை நீட்டினான். சீதேவி இறங்கி அவன் முன்னால் போய் நின்றாள்.

"சுடுறதெண்டாச் சுடு! நான் திரும்பிப் போகமாட்டன்!"

அவனுக்குத் தமிழ் விளங்கவில்லை. பெட்டிக்குள் கிடந்தவரைப் பார்த்தான். தடையைத் தூக்கினான்.

ஆசுபத்திரியில் ஊசிகள் ஏற்றிய பிறகு டாக்டர் வெளியே வந்தார்.

"ஆர் பழம் குடுத்தது? பழத்தில இருக்கிற பொட்டாசியத்த இவர்ர கிட்னியால வெளியேத்த ஏலாது. இரத்தத்தில கூடினா இதயம் நிண்டுபோகும். இவ்வளவு காலமும் இவர் உயிரோட இருக்கிறதே, வீட்டில ஆரோ சாப்பாட்டக் கவனமாப் பாத்ததாலதான்."

புஸ்பம் தலையில் அடித்துக்கொண்டாள். "நான்தான் ஐயா... என்ர கையாலதான் ஊட்டினன்!"

பொழுதுபடும் நேரம் அழகரத்தினம் கண் திறந்தார்.

"சீதேவி... நான்தான் கேட்டு வாங்கித் திண்டன். அக்காவ ஏசாத..."

"ஏசுவன்! ரெண்டு பேரையும் ஏசுவன்! அவ தெரியாமச் செஞ்சா. நீங்க? நான் பேச்சு வாங்கக்குள்ள எனக்காக ஒரு சொல்லுச் சொன்னீங்களா?"

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "பிழைதான்... அக்கா, இனி இவள் சொல்லுறதுதான்."

"என்னைத் துரத்திப்போடாத புள்ள..." என்று புஸ்பம் அவளைக் கட்டிக்கொண்டாள். சீதேவி மரம்போல நின்றாள். பிறகு அவளும் உடைந்து, மச்சாளை இறுக அணைத்துக்கொண்டு அழுதாள்.

"துரத்தமாட்டன் மச்சாள். ஆனா ஒண்டு... நாளைக்கு இவர் அழுது கேட்டாலும், நீங்க காலில விழுந்தாலும், நான் இல்லையெண்டுதான் சொல்லுவன். என்னை வெறுத்துக்கொண்டாவது இவர் உயிரோட இருக்கட்டும்!"